தோள்பட்டைத் தழும்பு பிறந்த கதை

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தை வீட்டுக்குக் கிளம்புவதற்குள் இடது தோளில் ஓர் ஊசி வாங்கிக்கொள்கிறது. பி.சி.ஜி. மற்ற தடுப்பூசிகளைப் போல இது சதைக்குள் இறங்குவதில்லை. நர்ஸம்மா தோலை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து, ஊசியைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, தோலின் அடுக்குக்குள்ளேயே 0.05 மில்லி மருந்தைச் செலுத்துவார். போட்ட இடம் வெளுத்துத் தடிப்பாக எழும்பும், அரை மணி நேரத்தில் அமுங்கிவிடும். மருந்துப் புட்டி பழுப்புக் கண்ணாடியில் இருக்கும். வெளிச்சம் பட்டால் உள்ளே இருக்கும் கிருமி செத்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. கலக்கிய மருந்தை நாலு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மீந்ததை எறிந்துவிட வேண்டும். ஏனென்றால் இது உயிருள்ள கிருமி.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்றுமே நடக்காது. ஊசி போட்டதையே வீட்டில் மறந்திருப்பார்கள். அப்போதுதான் அந்த இடத்தில் சிவந்து ஒரு பரு கிளம்பும். ஐந்தாறு வாரத்தில் நாலு முதல் எட்டு மில்லிமீட்டர் வரை வளர்ந்து உடையும், கொஞ்சம் கசியும், பொருக்குக் கட்டும். பாட்டி பதறிப்போய் மஞ்சள் பற்றுப் போடலாமா என்பாள். "ஒண்ணும் தடவாதீங்கம்மா, அதுவா ஆறிடும்" என்று சுகாதார நிலையத்தில் சொல்லி அனுப்புவார்கள். மூன்று மாதத்துக்குள் ஆறி, வட்டமாக, லேசாகக் குழிந்த ஒரு தழும்பு மிஞ்சும். காசிமேட்டில் வலை இழுப்பவர், எண்ணூர் அனல்மின் நிலையத்துக்கு ஷிப்டுக்குப் போய்வந்தவர், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுகிறவர் என்று கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் இங்கே வடசென்னையில் பிறந்தவர்களில் பெரும்பாலோர் தோளில் இது இருக்கிறது. அதற்கும் மூத்தவர்களுக்கு அம்மை குத்திய தழும்பு தனியாக இருக்கும், இதைவிடப் பெரிதாக. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

இந்தத் தழும்பை யார் உண்டாக்கியது? ஊசியின் காயம் மறுநாளே மறைந்துவிட்டது. கிருமியோ, தோலை அரிக்கிற அளவுக்கு வீரியமில்லாதது. அந்த மூன்று வார மௌனத்தில்தான் விடை இருக்கிறது. தோலுக்குள் விழுந்த கிருமியைக் காவல் அணுக்கள் விழுங்கி, அருகிலுள்ள நெறிக்கட்டிக்கு எடுத்துப்போய் அடையாளம் காட்டுகின்றன. அங்கே அந்த அடையாளத்துக்குப் பொருந்தும் டி-அணுக்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் பெருகி, ஊசி போட்ட இடத்துக்குத் திரும்பி வர அத்தனை நாளாகிறது. அவை வந்து சேர்ந்ததும் ஆரம்பிக்கிற ரகளைதான் பரு, கசிவு, பொருக்கு எல்லாம். ஆக, புண்ணும் தழும்பும் உடம்பின் வேலை. டி-அணுக்கள் பிறவியிலேயே சரியாக இல்லாத அபூர்வமான சில குழந்தைகளுக்கு இதே சாதுவான கிருமி உடம்பெங்கும் பரவி உயிருக்கே உலை வைத்துவிடும்.

நோய் என்று நாம் பார்ப்பதில் கிருமி செய்தது எவ்வளவு, உடம்பு செய்தது எவ்வளவு என்ற கேள்விக்கு வயது நூற்றுச் சொச்சம். அதன் முதல் அத்தியாயம் ஒரு பெரிய ஏமாற்றம். 1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோஹ், 1890இல் பெர்லினில் காசநோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது என்று அறிவித்தார். கிருமியை வளர்த்த குழம்பிலிருந்து எடுத்த சாறு அது, பெயர் டியூபர்குலின். உலகம் முழுவதிலிருந்தும் நோயாளிகள் பெர்லினுக்குப் படையெடுத்தார்கள். ஊசி போட்டதும் அவர்களுக்குக் கடும் காய்ச்சல் வந்தது, நோய் இருந்த இடமெல்லாம் வீங்கிச் சிவந்தது, சிலர் இறந்தும் போனார்கள். அந்தச் சாற்றில் உயிருள்ள ஒரு கிருமிகூடக் கிடையாது. நோயில்லாதவருக்குப் போட்டால் அந்த அளவு மருந்து பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கிருமியை முன்பே சந்தித்திருந்த உடம்பு மட்டும்தான் அப்படிக் கொதித்தது.

மருந்தாகத் தோற்ற டியூபர்குலின் பரிசோதனையாகப் பிழைத்துக்கொண்டது. வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே 1907இல் அதைத் தோலில் கீறிப் பார்த்தார். அடுத்த ஆண்டு பிரான்சில் ஷார்ல் மாந்தூ தோலுக்குள் ஊசியாகப் போட்டார். இன்றும் நம் ஊர் லேப்களில் முன்கையில் போட்டு, வட்டம் கட்டி, "ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்று அனுப்புகிற மான்டூ டெஸ்ட் இதுதான். பிர்கே இதற்கு வந்து சேர்ந்த வழிதான் எனக்குப் பிடித்தது. முதல்முறை அம்மை குத்தியவனுக்குப் புண் வர எத்தனை நாள் ஆகிறது, மறுமுறை குத்தியவனுக்கு எத்தனை நாள் என்று அவர் எண்ணிப் பார்த்தார். குத்துகிற அம்மைப்பால் ஒன்றுதான். ஆனால் மறுமுறை புண் சீக்கிரமே வந்துவிடுகிறது. நோயின் நேரமும் உருவமும் உடம்பின் பழைய அனுபவத்தைப் பொறுத்தவை என்று அதிலிருந்து அவர் எடுத்தார். உடம்பின் இந்த மாறிப்போன எதிர்வினைக்கு அவர் 1906இல் வைத்த பெயர் அலர்ஜி. இன்று இறால் சாப்பிட்டால் தடிப்பதற்கும் தூசிக்குத் தும்முவதற்கும் அதையே சொல்கிறோம்.

தடுப்பூசிக்கான கிருமி பிரான்சின் லீல் நகரில் உருவானது. ஆல்பர் கால்மெட், கமீய் கெரான் என்ற இருவர் மாட்டுக் காசநோய்க் கிருமியை எடுத்து, பித்தநீரில் வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டின்மேல் வளர்த்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதுத் துண்டுக்கு மாற்றினார்கள். 1908இல் ஆரம்பித்து 13 ஆண்டுகள், நடுவே ஒரு உலகப் போர், மொத்தம் 230 முறை. கடைசியில் அந்தக் கிருமி உயிரோடு இருந்தது, நோய் உண்டாக்கும் சக்தியை மட்டும் இழந்திருந்தது. பி.சி.ஜி. என்ற மூன்றெழுத்தில் முதலெழுத்து கிருமியின் வகையைக் குறிக்கிறது, மற்ற இரண்டும் இவர்கள் இருவரின் பெயர். 1921இல் பாரிசில் முதல் குழந்தைக்கு அதை வாய்வழியே கொடுத்தார்கள். தாய் காசநோயில் இறந்திருந்தாள், குழந்தையை வளர்க்கவிருந்த பாட்டிக்கும் காசநோய்.

ஒன்பது ஆண்டு கழித்து, 1930இல், ஜெர்மனியின் லூபெக் நகரில் பயங்கரம் நடந்தது. ஆய்வகத்தில் பி.சி.ஜி.யோடு நிஜமான காசநோய்க் கிருமி கலந்துவிட, சுமார் 250 கைக்குழந்தைகளுக்கு அதைப் புகட்டிவிட்டார்கள். 72 குழந்தைகள் இறந்தன. மீதிக் குழந்தைகள் பிழைத்துக்கொண்டன, பலர் நோய்வாய்ப்பட்டு, தாங்களாகவே தேறி. அப்போது காசநோய்க்கு மருந்தே கிடையாது. ஒவ்வொரு குழந்தைக்கும் போய்ச் சேர்ந்த கிருமியின் அளவு ஒன்றாக இல்லைதான். இருந்தாலும், நிஜக் கிருமியை விழுங்கிய பச்சைக் குழந்தைகளிலேயே பெரும்பான்மை அதை அடக்கிவிட்டது என்பது யாரும் செய்யக்கூடாத, யாரும் விரும்பாத ஒரு சோதனையின் முடிவாகப் பதிவானது.

பி.சி.ஜி. இந்தியாவுக்கு வந்தது 1948இல். சென்னை கிண்டியில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் தொடங்கியது. முதல் ஊசிகள் மதனபள்ளியில் போடப்பட்டன. கிண்டியில் தயாரான மருந்தின் கிருமி டென்மார்க்கிலிருந்து வந்த ரகம். அப்போது செஞ்சிலுவைச் சங்கங்களும் யுனிசெஃபும் பின்னால் நின்றன. 1951இல் நாடு தழுவிய இயக்கமாக ஆயிற்று. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக வண்டி வந்தது. முதலில் டியூபர்குலின் போட்டு, மூன்றாம் நாள் பார்த்து, எதிர்வினை இல்லாதவர்களுக்கு மட்டும் பி.சி.ஜி.

இதற்கு இந்தியாவில் எழுந்த மிகப் பலமான எதிர்ப்புக் குரல் சென்னையிலிருந்து வந்தது. முதலமைச்சர் பதவியிலிருந்து 1954இல் இறங்கிய ராஜாஜி, 1955இல் பி.சி.ஜி.க்கு எதிராகப் பேச ஆரம்பித்தார், எழுதினார், சிறு நூலே வெளியிட்டார். உயிருள்ள கிருமியை ஆரோக்கியமான குழந்தைகளின் உடம்பில் ஏற்றுகிறீர்கள், இது பயன் தரும் என்பதற்கு நிரூபணம் எங்கே, ஊரையே வைத்துப் பரிசோதனை செய்கிறீர்களா என்பது அவர் வாதத்தின் சாரம். மத்திய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கவுர் திட்டத்தின் பக்கம் உறுதியாக நின்றார். ஊசியின் ஆபத்து பற்றி ராஜாஜி கிளப்பிய பீதி மிகையானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. கோடிக்கணக்கான குழந்தைகள் அதற்குப் பிறகு போட்டுக்கொண்டு நன்றாகவே இருக்கிறார்கள். ஆனால் "நிரூபணம் எங்கே" என்ற அவர் கேள்வியை விஞ்ஞானத்துக்கு எதிரானது என்று தள்ளிவிட முடியாது. அது விஞ்ஞானத்தின் கேள்வி. அதே காலத்தில் இங்கிலாந்தில் பள்ளி மாணவர்களிடம் நடந்த பெரிய சோதனை நல்ல பலனைக் காட்டியது, நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் நடந்தது ஏறக்குறையப் பூஜ்யத்தைக் காட்டியது. இரண்டில் எது நமக்குப் பொருந்தும் என்று அன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது.

பதிலைத் தேடிய இடம் நம் வாசலிலேயே இருந்தது. 1968இல், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூரைச் சுற்றிய பகுதியில், உலகத்தின் மிகப் பெரிய பி.சி.ஜி. சோதனை ஆரம்பமானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தியது, உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் துணை. 209 ஊராட்சிகள், 9 நகரப் பகுதிகள். (திருவொற்றியூரும் எண்ணூரும்கூட அப்போது செங்கல்பட்டு மாவட்டம்தான், 2011இல்தான் சென்னை மாநகராட்சிக்குள் வந்தன. ஆனால் சோதனை நடந்தது இங்கிருந்து மேற்கே, வயல் சூழ்ந்த ஊர்களில்.) 1971 வரை இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போட்டார்கள். ஒரு மாதக் குழந்தையிலிருந்து கிழவர்கள் வரை. யாருக்குப் பி.சி.ஜி., யாருக்கு வெறும் திரவம் என்பது ஊசி போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பாரிஸ் ரகம், டேனிஷ் ரகம் என இரண்டு வகைக் கிருமி, அதிலும் கூடுதல் அளவு, குறைந்த அளவு. அதன்பின் ஊர் ஊராக எக்ஸ்ரே வண்டி, சளிப் பரிசோதனை, இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை மொத்த ஜனத்தையும் திரும்பப் பார்ப்பது. இவ்வளவு கவனமாக, இவ்வளவு பெரிதாக பி.சி.ஜி.யை அதற்கு முன் எங்கும் சோதித்ததில்லை.

ஏழரை ஆண்டுக் கணக்கு 1979இல் வெளிவந்தது. பி.சி.ஜி. போட்டுக்கொண்டவர்களுக்கும் வெறும் திரவம் போட்டுக்கொண்டவர்களுக்கும் சளியில் கிருமி தெரிகிற நுரையீரல் காசநோய் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் வந்திருந்தது. பாதுகாப்பு பூஜ்யம். பதினைந்து ஆண்டுக் கணக்கு 1999இல் வந்தபோதும் பெரியவர்களைப் பொறுத்தவரை அதே பதில், சிறுவர்களிடம் மட்டும் சொற்பமான பலன். ராஜாஜி 1972இலேயே காலமாகிவிட்டார்.

மருந்து கெட்டுப்போயிருந்ததா என்று முதலில் சந்தேகப்பட்டார்கள். இல்லை. ஊசி போட்ட இரண்டரை மாதத்தில் டியூபர்குலின் போட்டுப் பார்த்தபோது உடம்பு நன்றாகவே பதில் சொல்லியிருந்தது. தழும்பும் ஒழுங்காக விழுந்திருந்தது. ஆக, தழும்பு இருக்கிறது, எதிர்வினை இருக்கிறது, பாதுகாப்பு மட்டும் இல்லை. தழும்பு விழுந்தால் தடுப்பூசி 'பிடித்துவிட்டது' என்று ஊரெல்லாம் நம்பியிருந்த கணக்கை அந்த முடிவு உடைத்தது.

இதற்கு இன்றுவரை பலமாக நிற்கிற விளக்கம் நம் மண்ணையும் தண்ணீரையும் பற்றியது. காசநோய்க் கிருமிக்கு ஏராளமான பங்காளிகள் உண்டு. சேற்றிலும் ஏரி நீரிலும் குளத்திலும் வாழ்கிற, பெரும்பாலும் நோய் தராத மைக்கோபாக்டீரியங்கள். செங்கல்பட்டு ஊர்ப் பிள்ளைகள் பதின்பருவம் எட்டுவதற்குள் கிட்டத்தட்ட எல்லாருடைய உடம்பும் இவற்றைச் சந்தித்துப் பழகியிருந்தது என்பது சோதனையின்போதே தோல் பரிசோதனையில் தெரிந்தது. அந்தப் பழக்கம் ஓரளவு பாதுகாப்பை ஏற்கெனவே தந்திருக்கலாம், அதற்கு மேல் பி.சி.ஜி. சேர்க்க ஒன்றும் இருந்திருக்காது. அல்லது பழகிய உடம்பு பி.சி.ஜி. கிருமியை வந்ததும் வராததுமாக ஒழித்துக்கட்டி, அது பாடம் சொல்லிக்கொடுக்கவே இடம் தராமல் போயிருக்கலாம். பிற்பாடு மலாவி நாட்டு இளைஞர்களையும் இங்கிலாந்து இளைஞர்களையும் ஒப்பிட்ட ஆய்வு இதற்கு வலு சேர்த்தது. இங்கிலாந்தில் ஊசிக்கு முன் ஒன்றும் அறியாதிருந்த உடம்பு ஊசிக்குப்பின் கிடுகிடுவென்று எதிர்வினை காட்டியது. மலாவியில் ஊசிக்கு முன்பே எதிர்வினை இருந்தது, ஊசி அதைப் பெரிதாக உயர்த்தவில்லை. இந்தக் கதையில் ஒரு குறும்பு உண்டு. இதே செங்கல்பட்டு மண்ணில் பிறகு தொழுநோய்த் தடுப்பூசிகளைச் சோதித்தபோது, 1998இல் வெளியான முடிவின்படி, பி.சி.ஜி. தனியாகவே 34 சதவீதம் பாதுகாப்புத் தந்திருந்தது. காசநோய்க்குக் கைவிரித்த ஊசி, அதன் பங்காளி நோய்க்குக் கொஞ்சம் உதவியது.

அப்படியானால் ஏன் இன்னும் பிறந்த குழந்தைக்குப் போடுகிறோம்? அந்தக் குழந்தையின் உடம்பு மண்ணையும் தண்ணீரையும் இன்னும் பார்க்கவில்லை. கைக்குழந்தைக்குக் காசநோய் வந்தால் அது சில சமயம் நுரையீரலோடு நிற்காது, ரத்தத்தில் கலந்து மூளை உறைக்குப் போகும். மூளைக்காய்ச்சலாகவும் உடம்பெங்கும் பொரிகிற காசநோயாகவும் வருகிற இந்த வகைகளுக்கு எதிராகப் பி.சி.ஜி. நன்றாகவே காக்கிறது என்பதற்கு வேறு ஆய்வுகளில் போதுமான சான்று உண்டு. 1978இல் தொடங்கிய தடுப்பூசித் திட்டத்தில் பி.சி.ஜி. பிறந்த உடனே போடும் ஊசியானது. பள்ளிக்கூட வண்டி போய் பிரசவ வார்டு வந்தது.

பெரியவர்களின் நோய் வேறு. ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் நெஞ்சக நோய்ப் பிரிவிலோ ஓட்டேரி ஆஸ்பத்திரியிலோ எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற டாக்டர், மேல் நுரையீரலில் ஓர் இடத்தைக் காட்டி "குழி விழுந்திருக்கு" என்பார். சுற்றிலும் வெள்ளையாகத் தடித்த வளையம், நடுவே கறுப்பாக வெறுமை. அந்தக் குழியைத் தோண்டியது கிருமி என்று நினைப்போம். ஆனால் காலரா, டிப்தீரியாக் கிருமிகளைப் போல விஷம் கக்கிக் கெடுதல் செய்கிற வழக்கம் காசநோய்க் கிருமிக்குப் பெரிதாகக் கிடையாது. மூச்சோடு உள்ளே வந்த கிருமியை விழுங்கிய அணு அதைக் கொல்ல முடியாமல் தவிக்கிறது. உதவிக்கு டி-அணுக்கள் வந்து, இன்டர்ஃபெரான்-காமா போன்ற சைகைகளை அனுப்பி, அணுக்கள் மேல் அணுக்களாகச் சூழ்ந்து ஒரு முடிச்சுக் கட்டுகின்றன. கிருமி பெரும்பாலும் அந்த முடிச்சுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது, நீறு பூத்த நெருப்பாக, சில சமயம் ஆயுள் முழுக்க. சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய 2019-21 நாடு தழுவிய கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்குக் காசநோய்க் கிருமியின் தொற்று இருந்தது தெரிந்தது. அப்படித் தொற்று உள்ளவர்களில் வாழ்நாளில் நோயாளியாவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்தான்.

அந்தச் சிலருக்கு என்ன ஆகிறது? முடிச்சின் நடுப்பகுதி தயிர்க்கட்டியாகித் திரவமாகிறது. உடம்பின் சொந்த அணுக்கள் வெளியிடும் நொதிகள் நுரையீரலின் தாங்குநார்களையே அறுக்கின்றன. சுவர் இடிந்து மூச்சுக்குழாயோடு சேர்கிறது. குழிக்குள் காற்று புகுந்ததும் கிருமிக்குக் கொண்டாட்டம், கோடிக்கணக்கில் பெருகும். இருமினால் வெளியே வரும். யோசித்துப் பார்த்தால் கிருமிக்கு இந்தக் குழி தேவை. அதில்லாமல் அடுத்த ஆளுக்குப் போவது கடினம். நம் எதிர்ப்பு சக்தி கிருமியை அடக்குகிற வேலையையும், கிருமி ஊர் சுற்றக் கதவைத் திறந்துவிடுகிற வேலையையும் சேர்த்தே செய்கிறது.

இதற்குச் சாட்சி சென்னை ஆஸ்பத்திரிகளிலேயே கிடைத்தது. 1986இல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். காசநோய்க்காகவே பிறந்த தாம்பரம் சானடோரியம் கொஞ்ச காலத்தில் எச்.ஐ.வி. நோயாளிகளால் நிரம்பியது. டி-அணுக்கள் தேய்ந்துபோன அவர்களுக்குக் காசநோய் வந்தபோது எக்ஸ்ரேயில் குழி பல சமயம் இருக்காது. சளியிலும் கிருமி எளிதில் தெரியாது. ஆனால் கிருமி உடம்பெல்லாம் இருக்கும். குழி தோண்ட ஆள் இல்லை, அவ்வளவுதான். பிறகு எச்.ஐ.வி.க்கு மருந்து வந்தது. மருந்து ஆரம்பித்த சில வாரங்களில் சிலருக்குக் காய்ச்சல் ஏறும், கழுத்துக் கட்டி வீங்கும், நோய் முற்றியதுபோல இருக்கும். கிருமி கூடவில்லை, தேறிவந்த எதிர்ப்பு சக்தி வேலையை ஆரம்பித்திருக்கிறது. கோஹ்வின் நோயாளிகளுக்கு 1890இல் வந்த காய்ச்சலுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு. மூளைக் காசநோய்க்குக் கிருமியைக் கொல்லும் மாத்திரையோடு, உடம்பின் கொதிப்பை அடக்கும் ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுப்பதும் இதே காரணத்தால்தான். அங்கே கொதிப்புக்கு இடமே கிடையாது, மண்டையோடு விரிந்துகொடுக்காது.

வடசென்னையில் கிருமிக்குப் பஞ்சமில்லை. ஒற்றை அறையில் ஆறு பேர், தண்டையார்பேட்டையின் சந்துகள், ஒரே விசைப்படகுக்குள் வாரக்கணக்கில் கடலில் இருக்கிற ஆட்கள். ஆனால் ஒரே அறையில் ஒரே காற்றை இழுத்தவர்களில் ஒருவர் நோயாளியாவதும் ஐந்து பேர் தப்பிப்பதும் ஏன் என்று கேட்டால், உடம்பின் பதிலைக் கெடுக்கிற காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. வார்ப்பட்டறையிலும் மணல் பாய்ச்சும் வேலையிலும் பறக்கிற சிலிக்கா தூசி, கிருமியை விழுங்கும் அதே நுரையீரல் அணுக்களைத்தான் கொல்கிறது. அரைவயிற்றுச் சாப்பாடு டி-அணுக்களை மெலிய வைக்கிறது. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், நோயாளியின் வீட்டாருக்கு அரிசி பருப்பு கொடுத்ததிலேயே அவர்களிடையே புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. ஊசி எதுவும் போடவில்லை. மளிகைச் சாமான் இப்படிச் செய்யும் என்று தடுப்பூசிக்காரர்களே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் சுகர். ராயபுரத்திலேயே, 1954இல் டாக்டர் எம். விஸ்வநாதன் ஆரம்பித்த எம்.வி. சர்க்கரைநோய் மருத்துவமனை இருக்கிறது. அதன் ஆய்வாளர்கள் தமிழகத்தின் அரசுக் காசநோய் மையங்களுக்கு வந்த 827 நோயாளிகளுக்குச் சர்க்கரைப் பரிசோதனை செய்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். நாலில் ஒருவருக்கு, துல்லியமாகச் சொன்னால் 25.3 சதவீதம் பேருக்கு, சர்க்கரை நோய். இன்னொரு 24.5 சதவீதம் பேர் அதன் விளிம்பில். பாதிப் பேருக்குச் சர்க்கரை சரியில்லை. அதுவரை டீ.பி. என்றால் வற்றிய ஏழையின் நோய், சுகர் என்றால் தொந்தி வைத்தவரின் நோய் என்று இரண்டு வார்டிலும் தனித்தனியாக நினைத்திருந்தவர்களை இந்த எண் ஒரே மேஜைக்கு இழுத்து வந்தது.

சர்க்கரை நோயாளிக்கு எதிர்ப்பு சக்தி 'குறைவு' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். சேத்துப்பட்டு நிறுவன வளாகத்தில் சுபாஷ் பாபு, பவன் குமார் குழுவினர் சென்னை நோயாளிகளின் ரத்தத்தைப் பார்த்து 2013இல் சொன்னது வேறு மாதிரி. காசநோயும் சர்க்கரையும் சேர்ந்தவர்களிடம் காசநோய்க் கிருமிக்கு எதிரான டி-அணுக்கள் குறையவில்லை, கூடியிருந்தன. கொதிப்பை உண்டாக்குகிற சைகைகள் அதிகமாக ஓடின. விலங்குகளில் செய்த ஆய்வுகள் இன்னொன்றையும் சேர்க்கின்றன. சர்க்கரை உள்ள உடம்பில் ஆரம்பப் பதில் தாமதமாகிறது. தாமதமாக வருவதற்குள் கிருமி பெருகிவிடுகிறது, வந்ததும் அளவுக்கு மீறிய ஆர்ப்பாட்டம். இதைப் படித்தால், இத்தகைய நோயாளிகளின் எக்ஸ்ரேயில் குழிகள் கூடுதலாக இருப்பது ஆச்சரியம் தராது.

இதனால் நடைமுறையில் மாறியது சின்ன விஷயம். 2017இல் மத்திய அரசு காசநோய், சர்க்கரை நோய் இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழிமுறை வகுத்தது. இன்று காசநோய் என்று பதிவானதுமே எச்.ஐ.வி. பரிசோதனையோடு சர்க்கரையும் பார்க்கிறார்கள். மறுபக்கம், சுகருக்கு மாத்திரை வாங்க வருகிறவரிடம் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு உண்டா என்று கேட்க வேண்டும் என்றிருக்கிறது. மாத்திரை வாங்கும் வரிசை நீளமாக இருக்கும் நாட்களில் இந்தக் கேள்வி விடுபட்டுப்போவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் கேட்காமலேயே சொல்லிச் சளி கொடுத்துவிடுவது நல்லது. தோளில் தழும்பு இருக்கிறதே என்று தள்ளிப்போட வேண்டாம். தழும்பு விழாத குழந்தையின் தாய் இன்னொரு ஊசி கேட்டு வந்தாலும் மறுபடி போடத் தேவையில்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரியவர்களுக்கு மறுபடி பி.சி.ஜி. போட்டால் பயன் உண்டா என்பதை அறிய 2024இல் பல மாநிலங்களில் ஊசி போடத் தொடங்கினார்கள். பி.சி.ஜி.க்கு இது எத்தனையாவது தேர்வு என்று எண்ணுவதையே விட்டுவிடலாம்.